ஆனைமங்கலம்: ஒரு பள்ளிச்சந்த ஊரின் வரலாறும் அது கற்பிக்கும் பாடமும்

கிராமத்தின் செல்வம் நிலமும் நீருமே என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நிலத்தின் எல்லை யாது, அந்நீரின் உரிமை யாருடையது, விளைவில் யாருக்கு எவ்வளவு என்பவை பற்றிய கணக்கும் கிராமத்தின் செல்வத்தில் ஒரு பகுதியே என்பதைப் பலர் எண்ணுவதில்லை. கட்டிடங்கள் இடியும், அரசுகள் மாறும், நிலத்தை அனுபவித்த ஸ்தாபனங்களே பெயரின்றி மறையும். ஒழுங்காக எழுதி வைக்கப்பட்ட கணக்கு மட்டும் ஆயிரம் ஆண்டு கழிந்த பின்னரும் நின்று பேசும். இவ்வுண்மைக்கு நாகப்பட்டினத்தை அடுத்த ஆனைமங்கலம் என்னும் ஊரின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த உதாரணம் நம் நாட்டில் கிடைப்பது அரிது. பௌத்தத் துறவிகள் வாழ்ந்த ஒரு பெரும் பள்ளிக்கு உணவளித்த ஊர் அது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பள்ளிச்சந்தம் என்பது யாது?

பள்ளி என்னும் சொல்லை நாம் இக்காலத்தில் பிள்ளைகள் கல்வி கற்கும் இடத்திற்கு வழங்குகிறோம். முற்காலத்தில் அது சமண, பௌத்தத் துறவிகள் கூடி உறையும் இடத்தையும் குறித்தது. துறவிகள் உழுது பயிரிடுபவர் அல்லர். ஆகவே அவர்களுடைய உணவு, உடை, மருந்து, விளக்கெண்ணெய், கட்டிடப் பழுதுபார்ப்பு ஆகியவற்றிற்கு நிலையான வருவாய் வேண்டியிருந்தது. அதன் பொருட்டு அரசரும் செல்வரும் நிலத்தையோ முழு ஊரையோ ஒதுக்கி வைத்தனர். கோயிலுக்கு விட்டது தேவதானம் எனவும், பிராமணருக்கு விட்டது பிரமதேயம் எனவும் பெயர் பெற்றாற்போலப் பள்ளிக்கு விட்டது பள்ளிச்சந்தம் எனப் பெயர் பெற்றது.

இவ்வழக்கம் நம் தொண்டை மண்டலத்திற்கும் பழமையானதே. நசரத்பேட்டை வழியாக மேற்கே செல்லும் பெருஞ்சாலையில் சென்று காஞ்சிபுரத்தை அடைவோர் அந்நகருக்கு அண்மையிலுள்ள திருப்பருத்திக்குன்றம் என்னும் ஊரை அறிவர். அங்கிருந்த வஜ்ரநந்தி என்னும் சமண ஆசிரியருக்குப் பல்லவ அரசர் ஓர் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்த செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடுகள் கூறுகின்றன. அது கி. பி. ஆறாம் நூற்றாண்டுத் தானமாகும்.

இங்கு ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். அரசர் ஓர் ஊரைத் தானம் செய்தார் என்றால் அங்குள்ள குடிகளை விரட்டிவிட்டு நிலத்தைத் துறவிகள் கையில் கொடுத்தார் என்று எப்போதும் பொருள் கொள்ளலாகாது. அவ்வூரிலிருந்து அரசருக்குச் சேரவேண்டிய மேல்வாரமாகிய நெல்லும், சில சில்லறை வரிகளும் இனிப் பள்ளிக்குச் சேரும் என்பதே தானத்தின் முக்கியக் கருத்து. உழவன் முன்போலவே உழுதான்; அவன் அளக்கும் நெல் போய்ச் சேரும் களஞ்சியமே மாறிற்று.

கடாரத்து அரசரும் சூடாமணி விகாரமும்

முதலாம் இராஜராஜ சோழர் கி. பி. 985 முதல் 1014 வரை ஆட்சி புரிந்தவர். அவர் காலத்தில் நாகப்பட்டினம் கீழ்த்திசைக் கடல் வாணிகத்திற்குரிய பெருந்துறைமுகமாக விளங்கிற்று. மலேயா தீபகற்பத்திலுள்ள கடாரத்தையும் சுமத்திரா தீவிலுள்ள ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சைலேந்திர வமிசத்து அரசர் ஸ்ரீ மாறவிஜயோத்துங்கவர்மர், தம் தந்தையாகிய சூளாமணிவர்மரின் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எடுப்பித்தார். அதுவே சூடாமணி விகாரம் எனப்படுவது. கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வன் என்னும் நவீனத்தைப் படித்தவர்கள் இப்பெயரை அறிந்திருப்பர்.

சிவபக்தராகிய இராஜராஜர், கடல் கடந்த ஓர் அரசர் எடுப்பித்த பௌத்தப் பள்ளிக்குத் தம் ஆட்சியின் இருபத்தோராம் ஆண்டில், அதாவது கி. பி. 1006-ஆம் ஆண்டையொட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தார். அவர் வாய்மொழியாக இட்ட ஆணை ஓலையில் எழுதப்பட்டது. அதைச் செப்பேட்டில் வெட்டுவித்து நிலைநிறுத்தியவர் அவருடைய குமாரர் முதலாம் இராஜேந்திர சோழர். அச்செப்பேடுகள் 21. அவற்றுள் 5 ஏடுகள் வடமொழியிலும் 16 ஏடுகள் தமிழிலும் அமைந்தவை. எல்லா ஏடுகளையும் ஒரு பெரிய வளையத்தில் கோத்து, அதன்மேல் இராஜேந்திரரின் முத்திரையைப் பொருத்தியிருக்கின்றனர். அரசவமிசத்தின் புகழை வடமொழிப் பகுதி விரித்துரைக்கின்றது. நிலம், நீர், எல்லை, நெல் ஆகிய காரியங்கள் யாவும் தமிழில் எழுதப்பட்டுள்ளன. ஊர்மக்களுக்கு வேண்டிய பகுதி ஊர்மக்களின் மொழியிலேயே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

தானத்தின் அளவு

ஆனைமங்கலத்தின் நிலம் தொண்ணூற்றேழு வேலிக்குச் சிறிது மிகுதி என்று சாசனம் கூறுகின்றது. அவ்வாறு கூறுவதோடு நில்லாமல், வேலிக்கு மேற்பட்ட சில்லறை நிலத்தையும் மா, காணி, முந்திரிகை முதலிய நுண்ணிய பின்னங்களாகப் பிரித்துக் காட்டுகின்றது. தஞ்சைப் பக்கத்தில் பிற்காலத்தில் வழங்கிய கணக்குப்படி ஒரு வேலி என்பது 20 மா, ஏறக்குறைய 6.6 ஏக்கர். அக்கணக்கை வைத்துக்கொண்டால் ஆனைமங்கலத்தின் பரப்பு சுமார் 640 ஏக்கர் ஆகும்.

அவ்வூரிலிருந்து பள்ளிக்குச் சேரவேண்டிய நெல் 8,943 கலம், 2 தூணி, 1 குறுணி, 3 நாழி. ஒரு கலத்திற்கு மூன்று தூணி. ஒரு தூணிக்கு நான்கு குறுணி. ஒரு குறுணிக்கு எட்டு நாழி. எட்டாயிரம் கலத்திற்கு மேற்பட்ட தொகையில் மூன்று நாழியையும் விடாது எழுதியிருப்பதைக் காணும்போது அக்காலத்துக் கணக்கரின் கண்டிப்பு நன்கு விளங்கும். இதனை வேலிகளின்மீது பங்கிட்டுப் பார்த்தால் ஒரு வேலிக்கு ஏறக்குறைய 92 கலம் வீதம் ஆகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வேலிக்கு 100 கலம் என்ற விகிதம் காணப்படுதலால், ஆனைமங்கலத்தின் தீர்வை அக்காலத்து நல்ல நன்செய்க்குரிய விகிதத்தையே ஒட்டியிருந்தது என அறியலாம்.

இது இலேசான சுமையன்று. நெல்லை விளைத்த உழவர் இல்லத்தில் வாரம் அளந்த பின்னர் எவ்வளவு எஞ்சிற்று என்பதைச் சாசனம் சொல்லவில்லை. தானம் கொடுத்தவர் புகழும், பெற்றவர் உரிமையும் செம்பில் ஏறின; உழைத்தவர் நிலை ஏறவில்லை. பழைய பண்ணைகளின் பெருமையைப் பேசும்போது இக்குறையையும் மறத்தல் கூடாது. நாணயச் சங்கங்களில் ஒவ்வோர் அங்கத்தினரின் பெயராலும் தனித்தனிப் பேரேடு வைப்பதன் அருமை இத்தகைய பழைய கணக்குகளோடு ஒப்பிடும்போதுதான் புலப்படும்.

எல்லை நடந்த முறை

இனி, தானம் எவ்வாறு நிறைவேற்றப்பட்டது என்பதைப் பார்ப்போம். அக்காலத்தில் அரசர் வாயினின்று ஆணை பிறந்தவுடன் காரியம் முடிந்துவிடவில்லை. அதனை ஓலை எழுதுவோன் எழுதுவான். ஓலைநாயகம் என்னும் அதிகாரிகள் அதை ஒப்புநோக்குவர். பின்னர் வரிக்கணக்கை நிர்வகிக்கும் திணைக்களத்தார் கூடி, அவ்வூரின் பெயரில் இருந்த பழைய பதிவை மாற்றி வரிப்பொத்தகத்தில் புதிதாகப் பதிவார்கள். அதன் பின்னரே நாட்டாருக்குத் திருமுகம் அனுப்பப்படும். நாட்டார் என்போர் பல ஊர்கள் சேர்ந்த ஒரு நாட்டின் பிரதிநிதிகள்.

திருமுகம் பெற்ற நாட்டார் சுற்றுப்புற ஊரார் முன்னிலையில் ஒரு பெண் யானையை நடத்திக்கொண்டு நிலத்தின் நான்கு எல்லைகளையும் சுற்றி வருவர். யானை சென்ற தடமே எல்லை. ஆங்காங்குக் கல் நடுவார்கள்; கள்ளிச்செடியும் வைப்பார்கள். கல்லை ஒருவன் இரவில் பெயர்த்துவிடலாம். வேரூன்றிப் பரவிய கள்ளியைச் சந்தடியின்றி அகற்றுதல் எளிதன்று. ஆகவே இரண்டும் வேண்டியிருந்தன. பின்னர், கிழக்கே எந்த ஊர் நிலத்திற்கு மேற்கு, தெற்கே எந்த வாய்க்காலுக்கு வடக்கு என்று ஒவ்வொரு திருப்பத்தையும் எழுதி, உடனிருந்தவர்கள் கையெழுத்திடுவார்கள். ஆனைமங்கலத்திற்கும் இம்முறையே கையாளப்பட்டது. எல்லையைச் சொல்லும் பகுதி அச்சாசனத்தில் மிக நீண்டது. அண்டை ஊர்களின் பெயர்களும் வாய்க்கால்களின் பெயர்களும் அதில் நிரம்பியுள்ளன.

இதில் மூன்று தத்துவங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, எல்லையைக் கண்ணால் காணும்படி நடந்து காட்டினார்கள். இரண்டாவது, அண்டை ஊராரையே சாட்சிகளாக வைத்தார்கள். பிற்காலத்தில் தகராறு செய்யக் கூடியவர் அவர்களே ஆதலின், அவர்களுடைய கையெழுத்தே சிறந்த காவல். மூன்றாவது, நடந்ததை அன்றே எழுதினார்கள். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் எல்லை நிலைக்காது.

நீரும் பொது நிலமும்

ஓர் ஊரின் மொத்தப் பரப்பிலிருந்து வரி விதிக்கத் தகாத நிலங்களை முதலில் கழித்துவிடுவது சோழர் காலத்து வழக்கம். ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சுடுகாடு ஆகியவை இவ்வாறு கழிக்கப்பட்டன. இவை வீண் நிலம் என்பதனால் கழிக்கப்படவில்லை. எல்லோருக்கும் பொதுவானவை என்பதனாலேயே கழிக்கப்பட்டன. வரி வாங்குவோன் அரசனாயினும் பள்ளியாயினும் கோயிலாயினும் இப்பொது நிலங்களின்மீது வாரம் கேட்க இயலாது.

நீரைப் பற்றியும் இத்தகைய சாசனங்கள் தெளிவாகப் பேசுகின்றன. ஊருக்குரிய வாய்க்காலைப் பிறர் குறுக்கே வெட்டுதலும், அதிலிருந்து கிளை பிரித்தலும், ஏற்றமிட்டோ கூடையாலோ நீரை இறைத்துக்கொள்ளுதலும் தடுக்கப்பட்டன. கிணறு தோண்டுதல், தென்னை நடுதல், மருக்கொழுந்து முதலிய நறுமணச் செடிகளைப் பயிரிடுதல், சுட்ட செங்கல்லால் மாடிவீடு கட்டுதல் ஆகியவை அனுமதியின்பேரில் பெறும் உரிமைகளாக வரிசையாக எழுதப்பட்டன. நிலம் யாருடையது என்று மட்டும் எழுதி, நீரை எழுதாது விட்டால் அவ்வுரிமை பாதி உரிமையே என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

போருக்குப் பின்னும் நிலைத்த தானம்

தந்தை இட்ட ஆணையைச் செப்பேட்டில் பொறித்த அதே இராஜேந்திரர், கி. பி. 1025-இல் பெருங் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் வென்றார். நட்புக்கு அறிகுறியாக எழுந்த விகாரம் பகையரசரின் விகாரம் ஆயிற்று. ஆயினும் ஆனைமங்கலத்துத் தானம் பறிக்கப்படவில்லை. முதலாம் குலோத்துங்க சோழரின் இருபதாம் ஆட்சியாண்டாகிய 1090-இல் கடாரத்து அரசரின் தூதர் இருவர் வந்து வேண்டிக்கொள்ள, நாகப்பட்டினத்துப் பள்ளிகளுக்குரிய ஊர்களின் மீதிருந்த அந்தராயம், குந்தாலி முதலிய வரிகள் நீக்கப்பட்டு, உரிமைகள் புதிய செப்பேட்டில் மீண்டும் உறுதி செய்யப்பட்டன. ஆனைமங்கலம் அவ்வூர்களுள் ஒன்று. அரசர் மாறியபோதும், நட்பு பகையாகிப் பின் மீண்டும் நட்பானபோதும், எழுத்து மாறவில்லை. தூதர்கள் வந்து கேட்பதற்கு ஓர் ஆதாரம் இருந்தமையாலேயே அவர்கள் கேட்க முடிந்தது.

பிற பள்ளிகளின் பண்ணைகள்

இத்தகைய ஏற்பாடு நாகப்பட்டினத்திற்கு மட்டும் உரியதன்று. வடநாட்டில் நாலந்தா மகாவிகாரத்திற்கு இருநூறுக்கு மேற்பட்ட ஊர்கள் இருந்தனவென்று ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தங்கிக் கற்ற சீன யாத்திரிகர் இத்சிங் எழுதியுள்ளார். ஒன்பதாம் நூற்றாண்டில் சுவர்ணத்வீபத்து அரசர் பாலபுத்திரதேவர் நாலந்தாவில் ஒரு விகாரம் எடுப்பிக்க, அவர் வேண்டுகோளின்படி வங்க நாட்டுப் பால அரசர் தேவபாலர் ஐந்து ஊர்களை அதற்கு அளித்தார். ஆனைமங்கலத்துத் தானத்திற்கு இது முன்னோடி எனலாம். கடல் கடந்த அரசர் கட்டிடத்தை எழுப்புவதும், உள்நாட்டு அரசர் அதற்கு ஊரை விடுவதும் இரண்டிலும் ஒன்றே.

பள்ளி நிலங்கள் எவ்வாறு பயிரிடப்பட்டன என்பதையும் இத்சிங் கூறுகின்றார். சங்கத்தார் நிலத்தையும் எருதுகளையும் கொடுப்பர். குடியானவர் உழைப்பைக் கொடுப்பர். விளைவில் ஆறில் ஒரு பங்கு சங்கத்தைச் சேரும். இது பொதுவாக வழங்கிய முறை என்பது அவர் கூற்று. எருது இல்லாதவனுக்கு எருது கிடைத்தது; விளைச்சலின் பெரும்பகுதி உழைத்தவனிடமே தங்கிற்று. இம்முறை எல்லாப் பள்ளிகளிலும் எக்காலத்தும் ஒரே வகையாக நடந்தது என்று கொள்ளுதல் பொருந்தாது. எனினும் மூலதனத்தைப் பொதுவில் வைத்து, உழைப்பவனுக்கு நியாயமான பங்கை விடும் எண்ணம் இந்நாட்டில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதற்கு இது சான்று.

மேல்நாடுகளிலும் கிறிஸ்தவத் துறவிகளின் மடங்கள் பெரும் பண்ணைகளை நடத்தின. பிரான்சு தேசத்தில் 1098-இல் சித்தோ என்னுமிடத்தில் தோன்றிய துறவியர் சபை, தாமே உடலுழைப்பால் வாழ்தல் வேண்டும் என்ற விதியுடையது. மடத்திலிருந்து எட்டியுள்ள நிலங்களில் தனித்தனிப் பண்ணைகளை அமைத்து, விரதம் பூண்ட எளிய சகோதரர்களைக் கொண்டு பயிரிட்டார்கள். இங்கிலாந்தில் பியூலி மடத்திற்குரிய அத்தகைய பண்ணை ஒன்றின் களஞ்சியம் கிரேட் காக்ஸ்வெல் என்னும் ஊரில் இன்றும் நிற்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கல்லாலும் பெருமரத் தூண்களாலும் கட்டப்பட்ட அக்களஞ்சியம் ஏறக்குறைய 150 அடி நீளமுள்ளது. 1348-இல் வந்த பெருங் கொள்ளைநோய்க்குப் பின்னர் ஆட்கள் குறையவே, பல மடங்கள் தம் பண்ணைகளைக் குத்தகைக்கு விடலாயின. 1536 முதல் 1540 வரையில் எட்டாம் ஹென்றி அரசர் இங்கிலாந்திலிருந்த மடங்களை எல்லாம் கலைத்து நிலங்களைக் கைப்பற்றினார். பியூலி மடம் 1538-இல் மறைந்தது. நெல்லுக்குப் பதிலாகக் கோதுமையும் வாற்கோதுமையும் நிரம்பிய அதன் களஞ்சியம் மட்டும் பிழைத்தது. இன்று அதனைப் பாதுகாப்பது பழஞ்சின்னங்களுக்காக அமைந்த ஒரு பொது அறநிலையமாகும்.

அச்சபையின் மரபு நம் நாட்டிற்கும் பிற்காலத்தில் வந்துள்ளது. கேரளத்தில் வாகமண் மலைமேல் 1958-இல் அமைந்த குரிசுமலை ஆசிரமம் தரிசாகக் கிடந்த மலைச்சரிவில் புல் வளர்த்து, பால் மாடுகளைப் பேணிப் பெயர் பெற்றது. 1998-இல் அது அத்துறவியர் சபையில் சேர்ந்தது.

பள்ளி மறைந்த விதம்

நாகப்பட்டினத்துப் பள்ளிகளின் பிற்காலம் வருந்தத்தக்கது. சோழர் ஆட்சி கி. பி. 1279-ஐ ஒட்டி முடிவுற்றது. 1476-இல் பர்மா தேசத்துப் பெகு நகர அரசர் வெட்டுவித்த கல்யாணிக் கல்வெட்டு, கப்பல் உடைந்து கரைசேர்ந்த பௌத்தத் துறவிகள் நாகப்பட்டினத்தில் ஒரு பழைய விகாரம் இருந்த இடத்தைக் கண்டு வழிபட்டதைக் கூறுகின்றது. விகாரம் இருந்த இடம் என்றே அது சொல்லுகின்றது. ஆகவே அக்காலத்திலேயே பெரும்பகுதி அழிந்திருந்தது எனலாம்.

நாகப்பட்டினத்தில் செங்கற் கோபுரம் ஒன்று நெடுங்காலம் நின்றது. அதைக் கப்பலோட்டிகள் சீனக் கோபுரம் என்று அழைத்தனர். 1846-இல் சர் வால்டர் எலியட் அதைப் பார்த்தபோது அது மூன்று நிலைகளோடு சிதைந்து நின்றது. இக்கோபுரமும் சூடாமணி விகாரமும் ஒன்றே என்று கொள்வதற்கில்லை. ஆயினும் அந்நகரத்துப் பௌத்தப் பெருமைக்கு எஞ்சிய கடைசிக் கட்டிடம் அதுவே. அங்கே கல்லூரி நடத்தி வந்த இயேசு சபையார் வேண்டிக்கொண்டதன்பேரில் சர்க்கார் அனுமதி அளிக்க, 1867-இல் அது இடிக்கப்பட்டது. 1856 முதல் அவ்விடத்திலும் சுற்றுப்புறத்திலும் மண்ணுக்கடியில் கிடைத்த வெண்கலப் புத்தர் உருவங்கள் ஏறக்குறைய 350. அவற்றுள் பல சென்னை எழும்பூர் அரும்பொருட் காட்சிசாலையைச் சேர்ந்தன.

செப்பேடுகளின் கதை வேறு. டச்சுக்காரர் 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றி 1781 வரை வைத்திருந்தனர். அக்காலத்தில் அவை ஐரோப்பாவுக்குச் சென்று, 1862-இல் ஹாலந்து தேசத்து லெய்டன் பல்கலைக்கழகத்தை அடைந்தன. ஆராய்ச்சியாளர் அவற்றை லெய்டன் செப்பேடுகள் என்று வழங்கும் காரணம் இதுவே. கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவற்றை நன்கு பதிப்பித்து வெளியிட்டார்.

விகாரத்தின் செங்கல் ஒன்றுகூட நம் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கு நெல் அளந்த ஆனைமங்கலம் நாகப்பட்டினம் ஜில்லாவில் இன்றும் அப்பெயரோடு இருக்கின்றது. அவ்வூரின் ஆயிரமாண்டு முன்னைய பரப்பும் விளைவும் நாழிக் கணக்கில் நமக்குத் தெரியும். கட்டிடத்தை எழுப்பினோர் வலிமையைக் காட்டிலும் கணக்கை எழுதினோர் நேர்மை அதிக காலம் வாழ்ந்தது.

நம் ஊர்களுக்கு இதனால் ஆவது

பூவிருந்தவல்லிக்கு மேற்கே நசரத்பேட்டை, திருமழிசை முதலிய ஊர்களில் இன்றைய நிலைமை யாவரும் அறிந்ததே. நகரம் விரிந்து வருகின்றது. ஏர் உழுத நிலங்கள் மனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் கிடங்குகளாகவும் மாறியுள்ளன. அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி முற்காலத்தில் வயல்களுக்கு நீரூட்டியது. அது சென்னை நகரத்தின் குடிநீருக்கு முக்கிய ஆதாரங்களுள் ஒன்றாகிவிட்டது. விற்கப்படும் பட்டா நிலத்திற்குப் பத்திரமும் சாட்சியும் உண்டு. ஆனால் சிற்றேரி, தாங்கல், வரத்துக் கால்வாய், கலங்கல், களம், மேய்ச்சல் நிலம், சுடுகாடு ஆகிய பொது நிலங்களுக்காகப் பேச ஒருவரும் முன்வருவதில்லை. எல்லோருடையதும் ஒருவருடையதும் அன்று என்ற நிலைக்கு வந்து, ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு முழமாகக் குறைகின்றது. மழை மிகுந்த ஆண்டில் நீர் தன் பழைய வழியைத் தேடி வீடுகளுக்குள் புகும்போதுதான் அங்கே ஒரு கால்வாய் இருந்தது நினைவுக்கு வருகின்றது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து வெள்ளம் இதனை நம் பக்கத்து மக்களுக்கு மறக்கவொண்ணாதபடி உணர்த்தியது.

சட்டத்தின் உதவி இல்லாமலில்லை. 2007-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஏரிகளை அளந்து எல்லை வகுப்பது அதன் முதற்படி. ஆனைமங்கலத்தைச் சுற்றிப் பெண் யானை நடந்த காரியமும் இதுவே. வேறுபாடு யாதெனின், அன்று ஊராரும் அண்டை ஊராரும் கூடவே நடந்தார்கள். இன்று அளவுச் சங்கிலியும் கருவியும் வரும்போது பெரும்பாலும் ஊரார் வருவதில்லை.

ஆகவே சங்கங்களின் நிர்வாகஸ்தர்களும் அங்கத்தினர்களும் பின்வருவனவற்றைக் கவனிப்பது நலம்:

1. தங்கள் ஊரின் 'அ' பதிவேட்டிலிருந்து ஏரி, குளம், கால்வாய், பாதை, களம், சுடுகாடு ஆகிய புறம்போக்கு நிலங்களின் புல எண்களையும் பரப்பையும் எழுதிச் சங்கக் கட்டிடத்தில் எல்லோரும் படிக்கும்படி வைத்தல்.

2. அந்நிலங்களுக்குரிய புலப்படங்களின் நகல்களை முறைப்படி பெற்று, ரிக்கார்டுகளோடு பத்திரப்படுத்துதல்.

3. ஆண்டுக்கொருமுறை, கோடையில் ஏரி வற்றியிருக்கும் காலத்தில், ஊர்ப் பெரியோரும் இளைஞரும் கிராம அலுவலரும் அண்டை ஊராரும் சேர்ந்து எல்லையைச் சுற்றி நடந்து, கற்கள் உள்ள இடங்களைக் குறித்து, வந்தவர்கள் யாவரும் கையெழுத்திடுதல்.

4. கல் காணாமற் போயிருந்தாலும், கால்வாய் அடைபட்டிருந்தாலும், அன்றே எழுத்து மூலம் அதிகாரிகளுக்குத் தெரிவித்து, அதன் நகலையும் வைத்துக்கொள்ளுதல்.

5. மதகு, கலங்கல், வாய்க்கால் ஆகியவற்றின் பழைய பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல். பெயர் மறைந்த கால்வாய் விரைவில் தானும் மறையும்.

இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு நாள் நடையும் போதும்.

நம் ஜில்லாவுக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிப் பொறுப்பும் உண்டு. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தவுடன் இந்தியாவில் முதன்முதலாகத் தோன்றிய விவசாய நாணயச் சங்கம் திருவள்ளூரை அடுத்த திரூர் கிராமத்தில் அமைந்ததாகும். எளிய குடியானவர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று, தங்கள் கணக்கைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம் என்பதை நாட்டுக்குக் காட்டிய மண் இது. ஆனைமங்கலத்துச் செப்பேட்டை அரசர் எழுதுவித்தார். அதில் உழவன் அளக்க வேண்டிய நெல் இருந்தது, உழவன் குரல் இல்லை. சங்கத்தின் ஏட்டை எழுதுகிறவனும் உழவனே, கையெழுத்திடுகிறவனும் உழவனே. தன் கடனையும் வட்டியையும் தவறாமல் எழுதக் கற்ற சங்கம், தன் ஊரின் ஏரியையும் கால்வாயையும் அதே கண்டிப்போடு எழுதிவைக்குமாயின், பின்வரும் தலைமுறையினர் தண்ணீருக்காக வழக்காடும்போது கையில் ஆதாரம் இன்றி நிற்கமாட்டார்கள்.